மாரி தொடங்கியதும் தடம் மாறிய பொறி: டெஸ்லா சுருள் செய்த தம்பிக்கு

திருகோணமலையின் நிலாவெளிப் பக்கமிருந்து 22 வயதுத் தம்பி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடையில் வேலை. தான் படித்த பாடசாலையில் தை மாதம் நடக்கவிருக்கும் விஞ்ஞானக் கண்காட்சிக்காக மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கி, உச்சியிலிருந்து காற்றில் மின்பொறி பாயவிடும் டெஸ்லா சுருள் ஒன்றைச் செய்திருக்கிறார். 110 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. குழாயில் அரை மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1000 சுற்று எனாமல் கம்பி சுற்றிய துணைச்சுருள். கடையில் மிஞ்சிய கால் அங்குலச் செப்புக் குழாயால் தட்டையாகச் சுற்றிய 8 சுற்று முதன்மைச் சுருள். பழைய நியோன் பெயர்ப்பலகையிலிருந்து கழற்றிய 10,000 வோல்ற்று, 30 மில்லியம்பியர் மின்மாற்றி. உப்புநீர் நிரப்பிய 12 கண்ணாடிப் போத்தல்களால் ஆன, மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவி. இரண்டு போல்ற் ஆணிகளை நேருக்கு நேர் நிறுத்திய பொறி இடைவெளி.

ஆவணியில், உலர்ந்த கச்சான் காற்று வீசிய நாட்களில், உச்சியில் பொருத்திய கதவுக் குமிழிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பொறி பாய்ந்ததாம். ஐப்பசியில் குமிழைக் கழற்றிவிட்டு, படங்களில் பார்த்தபடி, அலுமினியக் காற்றுக்குழாயை வளைத்து 30 சென்ரிமீற்றர் அகல வளையமொன்றை வைத்திருக்கிறார். அதே கிழமையில் மழையும் தொடங்கியது. இப்போது உச்சியில் இரண்டு விரற்கடை அளவே பொறி வருகிறது. துணைச்சுருளின் கீழ்ப்பகுதியில் நீலக் கோடுகள் பாம்புபோல் ஓடுகின்றன. அடியிலிருந்து முதன்மைச் சுருளுக்குப் பொறி தாவுகிறது. போல்ற் ஆணிகளுக்கிடையே வெடியொலிக்குப் பதிலாகச் செம்மஞ்சள் சுடர் இரைகிறது. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. வீட்டில் மூன்று எல்.ஈ.டீ. மின்குமிழ்கள் எரிந்துபோயின. சுவிட்ச் பழுது என்று நினைத்து அதை விலக்கி நேராக இணைப்புக் கொடுத்திருக்கிறார். மின்மாற்றிக்கு வலு போதவில்லை என்ற முடிவுக்கு வந்து, இரண்டு மைக்ரோவேவ் அடுப்பு மின்மாற்றிகளை வாங்கவும் பேசிவைத்திருக்கிறார். "அம்மா எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்கிறா, உயர் மீடிறன் மின்சாரம் தோலின் மேலாகத்தான் ஓடும், ஆளைக் கொல்லாது என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கிறா இல்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கைவேலையில் எனக்குக் குறையில்லை. 1000 சுற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கையால் சுற்றுவது எத்தனை மாலைப்பொழுதுகளைத் தின்றிருக்கும் என்பது சுற்றிப் பார்த்தவனுக்குத் தெரியும். ஆனால், நீங்கள் எழுதிய அறிகுறிகளில் ஒன்றுகூட வலுக்குறைவைக் காட்டவில்லை. உச்சிக்குப் போகவேண்டிய வலு வழியிலேயே வெளியேறிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் பெரிய மின்மாற்றியை வைத்தால் பிழையான இடங்களில் பாயும் பொறிதான் பெருக்கும். அரை மணி நேரத்துக்குள் துணைச்சுருள் கருகிவிடும்.

முதலில் ட்ரிப் சுவிட்ச்

இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்குமுன் எழுந்துபோய், வீட்டு மின்னைப் பிரதான ஆளியில் நிறுத்திவிட்டு, தகுதிபெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு ட்ரிப் சுவிட்சைப் பழையபடி இணைப்பியுங்கள். அது பழுதாகவில்லை. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஏறக்குறைய 30 மில்லியம்பியருக்கு மேல் வேறுபட்டால் விழுவதுதான் வீடுகளில் உள்ள அந்தச் சுவிட்சின் வேலை. துணைச்சுருளின் அடிக்கம்பியை வீட்டு ஏர்த் கம்பியோடு இணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சுருள் ஓடும்போது பல்லாயிரம் வோல்ற்றுத் துடிப்புகள் அந்தக் கம்பி வழியாக வீடு முழுவதும் பரவுகின்றன. மின்குமிழ்கள் எரிந்ததும் சுவிட்ச் விழுந்ததும் அதனால்தான். சுவிட்சை விலக்கியதால் உங்கள் பரிசோதனைக்கு ஒரு நன்மையுமில்லை. அம்மா தொடும் தண்ணீர் மோட்டருக்கும் சலவை இயந்திரத்துக்கும் இருந்த காவல் போய்விட்டது.

மறுபுறத்தில், ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியத்தில் நியோன் மின்மாற்றியின் வெளியீட்டுக்குக் கிட்டவும் போகாதீர்கள். அந்த வெளியீட்டு மின்னோட்டம் மின்மாற்றியின் துணைச்சுற்றுக்குள்ளேயே ஓடித் திரும்புவதால் வீட்டுச் சுவிட்சுக்கு அது தெரியவே வராது. உங்கள் கைக்கும் மார்புக்கும் ஊடாக 30 மில்லியம்பியர் ஓடினாலும் சுவிட்ச் சும்மா இருக்கும்.

உப்பும் ஈரமும்

கடற்கரையிலிருந்து 300 மீற்றரில் வீடு, சுருளை முன் விறாந்தையில் திறந்தபடி வைத்திருந்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். கரையோரக் காற்று கொண்டுவரும் உப்பு உங்கள் கம்பிச்சுற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு அதற்கு முன்னரே நனைந்துவிடும். கச்சான் வீசும் உலர்ந்த பகலில் அந்தப் படலம் வெறும் தூள். மாரி இரவில் அது கடத்தி. மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசிவுதான் உங்கள் துணைச்சுருளின்மேலும் நடக்கிறது. கரையோரத்து உயரழுத்தக் கம்பங்களில் காவலிகளை நீளமாகப் பொருத்துவதும் அவ்வப்போது கழுவுவதும் இதற்காகத்தான்.

இங்கே பலர் விடும் பிழை, சுருளை ஸ்பிரிற்றால் மட்டும் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நம்புவது. மாணவனாக இருந்தபோது நானும் அதையே செய்து, மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். உப்பு ஸ்பிரிற்றில் கரையாது என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகவே கரையும். ஸ்பிரிற் அதை இடம் மாற்றிப் பூசும், அவ்வளவுதான். முதலில் பற்றரிக் கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தடவை புதுத்துணி மாற்றித் துடையுங்கள். கிணற்று நீர் வேண்டாம். உங்கள் பக்கத்துக் கிணறுகளில் உவர் இருக்கும். அதன்பிறகுதான் ஸ்பிரிற். அது மிஞ்சிய நீரை எடுத்துக்கொண்டு ஆவியாகும்.

துடைக்கும்போது மெல்லிய கறுப்புக் கோடுகள் தென்படுகின்றனவா என்று கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பொறி ஓடிய தடத்தில் எனாமலும் பிளாஸ்திக்கும் கருகிக் கரியாகியிருக்கும். கரி ஒரு கடத்தி. அடுத்த பொறி அதே தடத்தையே தேடி வரும். கோடு மேற்பூச்சில் மட்டும் என்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசலாம். கம்பிக்கு அடியில் குழாய்வரை இறங்கியிருந்தால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தச் சுருளைக் கைவிட்டு வேறொன்று சுற்றுங்கள். பூச்சு அதை மறைக்குமே தவிரக் குணப்படுத்தாது.

சுத்தம் செய்த சுருளை ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, சூடு ஆறுமுன் மோட்டர் சுற்றும் கடைகளில் பயன்படுத்தும் காவலி வார்னிஷை மெல்லிய படைகளாக நான்கைந்து தடவை பூசுங்கள். ஒவ்வொரு படையும் முழுதாகக் காயவேண்டும். குழாயின் இரு முனைகளையும் பிளாஸ்திக் தட்டுகளால் அடைத்துவிடுங்கள். உச்சிக் கம்பியைக் குழாயின் உட்புறமாக இறக்கியிருந்தால் அதை உடனே வெளியே எடுங்கள். உள்ளே ஓடும் பொறி வெளியே தெரியாது. தெரிய வரும்போது குழாய் துளைபட்டிருக்கும்.

குமிழை வளையமாக மாற்றியபோது நடந்தது

மழையின்மேல் முழுப் பழியையும் போட்டுவிடவும் முடியாது. ஒரே கிழமையில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. இரண்டில் ஒன்று நீங்கள் செய்தது. நீங்கள் தந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். உங்கள் துணைச்சுருளின் தூண்டுதிறன் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 22 மில்லிஹென்றி. கதவுக் குமிழோடு சேர்ந்த அதன் கொள்ளளவம் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் அளவு) 9 அல்லது 10 பிக்கோபரட்டு. இரண்டும் சேர்ந்தால் பரிவு மீடிறன், அதாவது சுருளில் மின் தானாக ஊசலாடும் வேகம், 350 கிலோஹேர்ட்ஸ் அளவில் வரும். உங்கள் 8 சுற்று முதன்மைச் சுருளுக்கும் (நடு வெற்றிடம் 16 சென்ரிமீற்றர், சுற்றுகளுக்கிடையே குழாயின் பருமன் அளவே இடைவெளி) பத்து நனோபரட்டுப் போத்தல்களுக்கும் அதே 350தான் வருகிறது. கணக்குப் பார்க்காமலே இரண்டும் பொருந்திவிட்டன. ஆவணியில் ஒரு சாண் பொறி வந்தது அந்த அதிர்ஷ்டத்தால்தான்.

வளையத்தை வைத்ததும் கொள்ளளவம் இரண்டு மடங்காகி, துணைச்சுருளின் மீடிறன் 240 கிலோஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. முதன்மைச் சுருள் இன்னமும் 350இல் நிற்கிறது. தாளம் தப்பிய ஊஞ்சலை எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் உயராது. தள்ளும் வலு உச்சியில் சேராமல் சுருளின் உடலெங்கும் கோணலான மின்னழுத்தங்களாக எழுந்து, உப்புப் படலம் எங்கே வழி விடுகிறதோ அங்கே பொறியாகிறது.

வளையத்தைக் கழற்றவேண்டாம். அது நல்ல மாற்றம்; மேல்முனையில் மின்புலத்தைப் பரப்பி, கம்பிச் சுற்றிலிருந்தே பொறி வெடிப்பதைத் தடுக்கிறது. முதன்மைச் சுருளைத்தான் நீட்டவேண்டும். இப்போதைய போத்தல்களோடு ஏறத்தாழ பதினொன்றரைச் சுற்றுத் தேவைப்படும். 13 சுற்றாகச் சுற்றிவைத்து, நகர்த்தக்கூடிய கவ்வி ஒன்றால் இணைப்பெடுத்து, கால் கால் சுற்றாக மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் செருகியைக் கழற்றி, கொள்ளளவியை வெறுமையாக்கிய பிறகே கவ்வியில் கை வைக்கவேண்டும். உச்சிப் பொறி நீளும்போது அதுவே சிறிது கொள்ளளவத்தைக் கூட்டும் என்பதால், கணக்கில் வந்ததைவிட அரைச் சுற்று அதிகமாக வைத்தால் பெரும்பாலும் பலன் கிடைக்கும்.

அடியிலிருந்து முதன்மைச் சுருளுக்குத் தாவும் பொறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. துணைச்சுருளின் முதற்சுற்று முதன்மைத் தளத்துக்கு 3 சென்ரிமீற்றர் கீழே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் இடையிலான பிணைப்பு (ஒன்றிலிருந்து மற்றதற்கு வலு கடக்கும் அளவு) அளவுக்கு மிஞ்சிவிட்டது. பலகைத் துண்டுகளை அடியில் வைத்து, அந்த முதற்சுற்று முதன்மைத் தளத்துக்கு 2 சென்ரிமீற்றர் மேலே வரும்வரை துணைச்சுருளை உயர்த்துங்கள். உடலில் ஓடும் நீலக் கோடுகள் பெரும்பாலும் இந்த ஒரு வேலையோடு அடங்கும்; அடங்காவிட்டால் இன்னும் ஒரு சென்ரிமீற்றர்.

போத்தல்களும் போல்ற் ஆணிகளும்

கொள்ளளவியின் அளவை அமெரிக்கக் குறிப்பொன்றிலிருந்து எடுத்ததாகத் தெரிகிறது. அங்கே மின்வழங்கல் 60 ஹேர்ட்ஸ், நமக்கு 50. உங்கள் மின்மாற்றியோடு பரிவில் பொருந்தும் கொள்ளளவம் 60 ஹேர்ட்ஸில் 8 நனோபரட்டு, 50இல் ஒன்பதரை. அதாவது, உங்கள் 12 போத்தல்களும் தற்செயலாக நம் நாட்டு மின்வழங்கலோடு பரிவில் நிற்கின்றன. பொறி இடைவெளி சற்று அகன்று அடிக்கத் தவறினால் மின்னழுத்தம் 10,000 வோல்ற்றைத் தாண்டி ஏறி, மின்மாற்றியின் உட்காவலைத் துளைத்துவிடும். நிலையான பொறி இடைவெளிக்குப் பரிவு அளவின் ஒன்றரை மடங்கு, அதாவது 14 முதல் 15 நனோபரட்டு, பாதுகாப்பானது. இன்னும் ஐந்தாறு போத்தல்களைச் சேருங்கள். சேர்த்தால் முதன்மைச் சுருளில் ஒன்பதரை, பத்துச் சுற்றுப் போதும். போத்தலின் உள்ளும் வெளியும் உப்புநீரின்மேல் ஒரு விரற்கடை சமையல் எண்ணெய் ஊற்றினால் கழுத்தில் தோன்றும் ஊதா ஒளிர்வு குறையும். பணம் புரளும்போது துடிப்பு மின்னோட்டத்துக்கென்றே செய்த பொலிபுரொப்பிலீன் கொள்ளளவிகளுக்கு மாறுங்கள். மின்விசிறிக் கொள்ளளவிகளை அடுக்கும் யோசனை வேண்டாம். அவை இந்தத் துடிப்பைத் தாங்காமல் வெடிக்கும்.

போல்ற் ஆணிகளுக்கிடையே தோன்றும் சுடர், பொறி அணையாமல் மின்வில்லாக நிலைத்துவிட்டதற்கு அடையாளம். ஆணி முனை சூடேறி, காற்றைத் தொடர்ந்து கடத்தும் நிலையில் வைத்திருக்கிறது. உங்கள் கடையில் முக்கால் அங்குலச் செப்புக் குழாய்த் துண்டுகள் கிடக்கும். ஆறு துண்டுகளைச் சமாந்தரமாக நிறுத்தி, ஒவ்வொரு இடைவெளியையும் 0.7 மில்லிமீற்றரில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் கராஜில் வால்வு இடைவெளி பார்க்கும் தகடு இதற்கு அளவெடுத்ததுபோல் உதவும். ஐந்து இடைவெளிகளும் சேர்ந்து மூன்றரை மில்லிமீற்றர். குழாய்களினூடாக ஊதியொன்றால் பலமாகக் காற்றடியுங்கள். சுடர் போய் வெடியொலி திரும்பும். அந்த வெளிச்சத்தில் புறவூதாக் கதிர் உண்டு, வெறுங்கண்ணால் பார்க்கவேண்டாம். ஓசோனும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சேருமாதலால் மூடிய அறையிலும் ஓட்டவேண்டாம்.

ஒவ்வொரு கொள்ளளவிக்கும் குறுக்கே, இந்த அழுத்தத்தைத் தாங்கும்படி தொடராக அடுக்கிய சில பத்து மெகாஓம் தடையிகளை இணையுங்கள். நிறுத்திய பின்னும் போத்தல்களில் மின்னேற்றம் மிஞ்சி நிற்கும். அரை நிமிடம் பொறுத்து, நீண்ட பிளாஸ்திக் தடியின் நுனியில் ஏர்த் கம்பி கட்டிய கோலால் இரு முனைகளையும் தொட்டு வெறுமையாக்கிய பிறகே கிட்டப் போங்கள்.

தனி ஏர்த்

துணைச்சுருளின் அடிக்கம்பிக்கு வீட்டோடு தொடர்பில்லாத தனிக் கம்பம் வேண்டும். உலர்ந்த கடற்கரை மணலில் அரை மீற்றர் அடித்தால் அது ஏர்த் அல்ல. கிணற்றடி போன்ற ஈரமான இடத்தில் ஒன்றரை மீற்றர்ச் செப்புப் பூசிய கம்பிகள் இரண்டை நிலத்தடி நீர் மட்டம்வரை இறக்கி, அகலமான செப்புப் பட்டியால் குறுகிய தூரத்தில் இணையுங்கள். கிணற்று மோட்டரின் குழாயைத் தொடவேண்டாம். அதுவும் வீட்டு ஏர்த்தோடு சேர்ந்ததே. கணினி மின்வழங்கியில் இருக்கும் இரைச்சல் வடிகட்டி போன்ற ஒன்றை மின்மாற்றிக்கு முன்னால் வைத்தால் மின்குமிழ்களும் பிழைக்கும்.

அம்மாவின் பயமும் உங்கள் தோல் விளைவும்

இந்த விடயத்தில் அம்மா பக்கம்தான் நியாயம் இருக்கிறது, காரணம் அவருக்குத் தெரியாவிட்டாலும். உயர் மீடிறன் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பில் ஓடும் என்பது உண்மை. 240 கிலோஹேர்ட்ஸில் செப்பில் அது 0.13 மில்லிமீற்றர் ஆழமே இறங்கும். ஆனால் மனித உடல் செப்பு அல்ல. உடலின் கடத்துதிறன் மிகக் குறைவு என்பதால் அதே மீடிறனில் அந்த ஆழம் ஒரு மீற்றரைத் தாண்டும். ஆகவே மின்னோட்டம் தசையையும் நரம்பையும் ஊடுருவியே போகிறது. அவ்வளவு விரைவான அலைவை நரம்பு உணர்வதில்லை என்பதால்தான் வலி குறைவு. வலி தெரியாமல் உள்ளே சுடுபடுவது நல்ல செய்தியா? தவிரவும், உச்சிப் பொறி பிசகி முதன்மைச் சுருளைத் தொட்டால் அந்தப் பாதையில் 50 ஹேர்ட்ஸ் மின்னும் சேர்ந்து வரும். அதை இதயம் நன்றாகவே உணரும்.

மைக்ரோவேவ் மின்மாற்றி பற்றி ஒரே ஒரு பதில்: வாங்காதீர்கள். நியோன் மின்மாற்றி தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும். மைக்ரோவேவ் மின்மாற்றியோ 2000 வோல்ற்றில் நூற்றுக்கணக்கான மில்லியம்பியரைத் தயங்காமல் தரும்; தொட்டவர் கையை விலக்க அவகாசம் கிடைப்பதில்லை. உங்களிடம் இருக்கும் 300 வாற்றே, பரிவில் பொருந்தினால், 40 சென்ரிமீற்றர்ப் பொறிக்குப் போதும்.

கண்காட்சி மண்டபத்தில்

தை வரைக்கும் நாளிருக்கிறது, ஆனால் பிள்ளைகள் கூடும் மண்டபத்தில் இதை ஓட்டுவதற்கு அதிபரின் எழுத்துமூல அனுமதியும், சுருளைச் சுற்றி ஏர்த்தோடு இணைத்த கோழிவலைக் கூடும், பொறி நீளத்தைப்போல் பல மடங்கு தூரத்தில் கயிற்று வேலியும், உங்கள் கையில் மட்டும் இருக்கும் நிறுத்தும் ஆளியும் வேண்டும். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்களும் செவித்துணைக் கருவி அணிந்தவர்களும் மண்டபத்துக்கு வெளியே நிற்கவேண்டும் என்று வாசலில் எழுதிவையுங்கள். வலைக்கூடு வானொலிக் குழப்பத்தையும் குறைக்கும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் வானலைகளைக் கட்டுப்படுத்துவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஒரு பக்கம் கடற்படைத் துறைமுகமும் மறுபக்கம் சீனக்குடா விமானத்தளமும் இருக்கும் ஊரில் முறைப்பாடு வந்தால் விளையாட்டாக முடியாது. எனவே ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

இந்த ஏற்பாடுகளில் ஒன்றேனும் கைகூடாவிட்டால், 12 வோல்ற்றுப் பற்றரியில் ஓடும் சிறிய திரான்சிஸ்டர்ச் சுருளைக் கொண்டுபோய், கையில் பிடித்த புளோரொளிர் ரியூபைக் கம்பியில்லாமல் ஒளிரச் செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது போதும். பெரிய சுருளை மின் கொடுக்காமல் பக்கத்தில் நிறுத்தி, அந்தக் கரித்தடத்துக்கு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைக்கலாம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: ட்ரிப் சுவிட்ச், தனி ஏர்த், கழுவிப் பூசுதல், சுருளை உயர்த்துதல், பொறி இடைவெளி, போத்தல்கள், கடைசியாகப் பரிவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அன்றைய வானிலையையும் பொறியின் இடத்தையும் கொப்பியில் குறித்துவையுங்கள். எல்லாம் செய்தும் உடலில் கோடு ஓடினால், அது அடியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றரில் தொடங்குகிறது, கவ்வி எத்தனையாவது சுற்றில் இருந்தது என்ற இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.